எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன்: ப்ளூஸுக்கும் ராக்குக்கும் ஒரு டியூப் ஆம்ப்

லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1938-இல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர் அவர். வெஸ்டர்ன் ஸ்விங், கண்ட்ரி மாதிரியான இசைதான் அவருக்குப் பிடிக்கும். அதற்கு வேண்டியது பளிச்சென்ற, பிசிறில்லாத ஒலி. 1940-களின் கடைசியிலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை அவருடைய கம்பெனி மாற்றிக்கொண்டே வந்த ஆம்ப்புகளை (கிட்டார் சிக்னலைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்களை) வரிசையாக வைத்துப் பார்த்தால் போக்கு தெளிவாகத் தெரியும்: சத்தம் கூடிக்கொண்டே போகும், கரகரப்பு குறைந்துகொண்டே வரும். வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கு 'ப்ளூஸ் டோன்', 'ராக் டோன்' என்று நாம் தேடி அலைவது அவர் ஒழிக்கப் பார்த்த அதே கரகரப்பைத்தான்.

பழைய பாணி டியூப் ஆம்ப் (பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடி வால்வுகளால் ஓடுவது) வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஆரம்பிப்பது பெயரிலிருந்து: ஃபெண்டரா, மார்ஷலா, வாக்ஸா? அப்புறம் வாட், அப்புறம் விலை. ஆனால் இந்த வகை ஆம்ப்பில் கரகரப்பு என்பது தனியாக ஒரு பட்டனில் கிடைக்கிற விஷயம் இல்லை. ஆம்ப் தன் சக்தியின் விளிம்புக்கு வரும்போதுதான் அது வருகிறது. அந்த விளிம்பு எந்த வால்யூமில் இருக்கிறது, அந்த வால்யூமில் நம்மால் வாசிக்க முடியுமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரே சர்க்யூட், இரண்டு ஆம்ப்

ஃபெண்டர் 1951-இல் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். அதற்கென்றே அடுத்த வருடம் 'பேஸ்மேன்' ஆம்ப் வந்தது, ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கரோடு. சில வருடங்களில் அது நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்கு மாறியது. 1958 முதல் 1960 வரை வந்த 5எஃப்6-ஏ என்ற சர்க்யூட்தான் இந்தக் கதையின் நாயகன். இரண்டு 5881 பவர் டியூப், 40 வாட்டை ஒட்டிய சக்தி, ட்ரெபிள், பேஸ், மிடில், பிரசன்ஸ் என்று தனித்தனி நாப்கள். பின்பக்கம் திறந்த பெட்டி.

பேஸ் கிட்டாருக்கு அது அவ்வளவு பொருந்தவில்லை. சத்தத்தைக் கூட்டினால் கீழ்ஸ்தாயி சுரங்கள் பிதுங்கிப்போகும். ஆனால் கிட்டார்காரர்களுக்கு அது லட்டு மாதிரி வந்து விழுந்தது. சிகாகோவில் பட்டி கை போன்ற ப்ளூஸ் கிட்டார்காரர்கள் ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரை அதில் செருகினார்கள். மவுத் ஆர்கன் வாசிப்பவர்களும் கையடக்க மைக்கை நேராக அதில் போட்டு ஊதினார்கள். சிகாகோ ஹார்மோனிகா ஒலிக்கு இன்றும் முதலில் சொல்லப்படும் ஆம்ப் அதுதான்.

இங்கிலாந்தில் இது இறக்குமதிச் சரக்கு. விலை எட்டாத உயரம். மேற்கு லண்டன் ஹேன்வெல்லில் ஜிம் மார்ஷல் என்கிற டிரம்ஸ் வாத்தியார் 1960-இல் ஒரு கடை திறந்திருந்தார். டிரம்ஸ் வாங்க வந்தவர்களோடு கிட்டார்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். பின்னாளில் ராக் உலகில் பெயர்பெற்ற பீட் டவுன்ஷெண்டும் ரிச்சி பிளாக்மோரும் அதில் உண்டு. அவர்கள் கேட்ட ஒலி அன்று கிடைத்த பிரிட்டிஷ் ஆம்ப்புகளில் இல்லை. கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இளைஞரோடு சேர்ந்து 1962-இல் ஒரு ஆம்ப்பைக் கட்டினார். அதுதான் ஜேடிஎம்45. சர்க்யூட்? பேஸ்மேனின் 5எஃப்6-ஏ, கிட்டத்தட்ட வரிக்கு வரி.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒன்றை இன்னொன்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். எங்கே மாறியது? ஃபெண்டரில் முதல் டியூப் 12ஏஒய்7. அதன் பெருக்கும் திறன் 45 அளவில். மார்ஷலில் அந்த இடத்தில் ஈசிசி83, அதாவது 12ஏஎக்ஸ்7. அதன் திறன் 100. உள்ளே நுழைந்த உடனேயே சிக்னல் பெரிதாகிவிடுகிறது, பின்னால் இருக்கும் டியூப்கள் சீக்கிரம் திணற ஆரம்பிக்கின்றன. அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர்களுக்குப் பதிலாக இங்கிலாந்தில் கிடைத்தவை. ஆரம்பத்தில் 5881, பிறகு கேடி66, அதற்கும் பிறகு இஎல்34 என்று பவர் டியூப்கள் மாறின. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஸ்பீக்கரில். ஜென்சன் 10 அங்குலம் நான்கும் திறந்த பெட்டியும் போய், செலஸ்டியன் 12 அங்குலம் நான்கும் பின்பக்கம் மூடிய பெட்டியும் வந்தன. ட்ரெபிளின் மினுமினுப்பு அடங்கி, நடுப்பகுதி கெட்டியாகி, கீழ்ப்பகுதி நெஞ்சில் குத்துகிற மாதிரி ஆனது.

1966-இல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு எரிக் கிளாப்டன் லண்டனில் டெக்கா ஸ்டுடியோவுக்குள் போனபோது கையில் கிப்ஸன் லெஸ் பால், கூடவே இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த மார்ஷல் காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்). மேடையில் வாசிக்கிற சத்தத்திலேயேதான் வாசிப்பேன் என்று அடம்பிடித்தார். அன்றைய ஸ்டுடியோ வழக்கத்துக்கு அது நேர் விரோதம். ஆனால் அவர் பிடித்தது வெறும் பிடிவாதம் இல்லை. அந்த ஆம்ப்பில் மாஸ்டர் வால்யூம் (கரகரப்பை வைத்துக்கொண்டே மொத்தச் சத்தத்தை மட்டும் குறைக்கும் நாப்) கிடையாது; சத்தத்தைக் குறைத்தால் அந்த ஒலியே இருக்காது. பிறகு வந்த ராக் கிட்டார் ஒலியில் பெரும்பங்கு அந்த ஒரு ரெக்கார்டிங்கின் வாரிசு. அந்தக் காம்போவுக்கே 'ப்ளூஸ்பிரேக்கர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வாங்குபவருக்கு இதில் ஒரு சேதி உண்டு. விளம்பரத்தில் "அசல் 59 சர்க்யூட்" என்று போட்டிருப்பது பாதி உண்மைதான். ஸ்பீக்கர் என்ன, பெட்டி திறந்ததா மூடியதா என்று கேட்காமல் மீதிப் பாதி தெரியாது. டியூப் பிராண்டை மாற்றி மாற்றிப் போட்டுக் காசைக் கரைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, அந்தப் பணத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கரை மாற்றியிருக்கலாமே என்பதுதான். வித்தியாசம் அடுத்த அறையில் இருப்பவருக்கே கேட்கும்.

விளிம்பில் என்ன நடக்கிறது

கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. அதை முன்னால் இருக்கும் சின்ன டியூப்கள் பெரிதாக்கும். அப்புறம் ஃபேஸ் இன்வெர்ட்டர் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டு பவர் டியூப்களுக்கு அனுப்பும். ஒன்று தள்ள, ஒன்று இழுக்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கர் அசையும். வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் பவர் டியூப்களால் கொடுக்க முடியாது. அலையின் உச்சி மழுங்க ஆரம்பிக்கும். அந்த மழுங்கலில் பிறக்கும் புது ஹார்மானிக்குகளைத்தான் (சுரத்தின் அதிர்வெண்ணுக்கு இரண்டு, மூன்று மடங்கு என்று வரும் கூடுதல் ஒலிகளை) காது கரகரப்பாகக் கேட்கிறது.

"டியூப் என்றால் இரட்டைப்படை ஹார்மானிக், அதனால்தான் இனிமை" என்று ஒரு வாசகம் எங்கும் சுற்றுகிறது. அது முழுக்க சரியில்லை. ஒற்றைப் பவர் டியூப் வைத்த ஃபெண்டர் சாம்ப் போன்ற சின்ன ஆம்ப்புகளுக்குப் பொருந்தும். இரண்டு டியூப் தள்ளி இழுக்கிற அமைப்பில் அந்த இரட்டைப்படை ஹார்மானிக்குகள் ஒன்றையொன்று பெருமளவு அடித்துவிடும். இன்னொரு விஷயம்தான் விரல்களுக்கு உண்மையிலேயே தெரியும்: விளிம்பைத் தாண்டுவது படிப்படியாக நடக்கிறதா, சட்டென்று நடக்கிறதா?

இதைத் தீர்மானிப்பது நெகட்டிவ் ஃபீட்பேக். ஸ்பீக்கர் முனையிலிருந்து கொஞ்சம் சிக்னலைத் திருப்பி முன்னால் அனுப்பி, பிழையைத் திருத்துகிற ஏற்பாடு. அது அதிகமாக இருந்தால் ஆம்ப் ரொம்ப நேரம் சுத்தமாக இருந்துவிட்டு, பிறகு திடீரென்று கரகரப்பாக உடையும். டுவீட் துணி போர்த்திய பழைய ஃபெண்டர் டீலக்ஸிலும் வாக்ஸ் ஏசி30-இலும் அது கிடையவே கிடையாது. அதனால் அவை மெல்ல மெல்லக் கரையும். சுத்தத்துக்கும் கரகரப்புக்கும் நடுவில் அகலமான ஒரு பிரதேசம் கிடைக்கும். ப்ளூஸ் வாசிப்பவர்கள் குடியிருப்பது அந்தப் பிரதேசத்தில்தான்.

அடுத்தது ரெக்டிஃபயர். வீட்டு மின்சாரத்தை டிசியாக மாற்றும் வேலையை இந்தப் பழைய சர்க்யூட்களில் இன்னொரு டியூப் செய்யும். கீழ் ஈ தந்தியை ஓங்கி அடித்தால் பவர் டியூப்கள் ஒரேயடியாக மின்சாரம் கேட்கும். ரெக்டிஃபயர் டியூப்பால் அதே வேகத்தில் கொடுக்க முடியாது, வோல்டேஜ் ஒரு கணம் தொய்ந்துவிட்டு மீளும். அடியின் முனை அமுங்கி, பிறகு சுரம் உப்பி எழும். ஆங்கிலத்தில் 'ஸாக்' என்பார்கள். டுவீட் டீலக்ஸின் 5ஒய்3 டியூப்பில் இது தாராளமாக உண்டு, ஜிஇஸட்34-இல் குறைவு, சிலிகான் டயோடில் மிகக் குறைவு. 1960-களின் பின்பாதியில் மார்ஷல் டயோடுக்கு மாறியபோது ஒலி இறுகி, அடி உடனுக்குடன் விழுந்தது. வேகமான ராக் ரிஃப்புக்கு அது வசதி. நிதானமாக ஒரு சுரத்தை வளைத்து அழவைக்கிறவருக்குத் தொய்வு வேண்டும். எது உயர்ந்தது என்று சண்டை போட ஒன்றுமில்லை. வாசிக்கிற இசை வேறு.

கடையில் இதை ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். கிட்டார் வால்யூமை 10-இல் வைத்து, பிக்கால் அழுத்தி அடித்தால் ஆம்ப் கரகரக்கிற அளவுக்கு அதன் வால்யூமை ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் ஆம்ப்பைத் தொடாமல் கிட்டார் வால்யூமை 5-க்குக் குறைத்து, கட்டைவிரல் சதையால் மெதுவாக மீட்டுங்கள். ஒலி தெளிந்து, மணி மாதிரி வந்தால் நல்ல ஆம்ப். சத்தம் மட்டும் குறைந்து, போர்வைக்குள் பேசுகிற மாதிரி மங்கினால், அதில் எத்தனை நாப் இருந்தாலும் ப்ளூஸுக்கு ஒத்துவராது.

வாட் கணக்கு

இனி பணம் வீணாகிற இடத்துக்கு வருவோம். 100 வாட் ஆம்ப் 10 வாட் ஆம்ப்பைவிடப் பத்து மடங்கு சத்தம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காது அப்படிக் கேட்பதில்லை. சக்தி இரட்டித்தால் 3 டெசிபெல் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற சுமார் 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆக 100 வாட் என்பது 10 வாட்டைப்போல் இரண்டு மடங்கு சத்தம், அவ்வளவே.

ஸ்பீக்கரின் திறனும் இந்தக் கணக்கில் சேரும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்று ஸ்பீக்கர் கம்பெனிகள் போடுவார்கள். செலஸ்டியன் கிரீன்பேக் 98. அதே கம்பெனியின் ப்ளூ 100. சில ஸ்பீக்கர்கள் 95 பக்கம் நிற்கும். 100-க்கும் 97-க்கும் இருக்கிற அந்த 3 டெசிபெல், ஆம்ப்பின் வாட்டைப் பாதியாக்குவதற்குச் சமம். சத்தம் குறைய வேண்டும் என்றால் ஆம்ப்பை மாற்றாமல் ஸ்பீக்கரை மாற்றியே ஓரளவு சாதிக்கலாம்.

இப்போது வீட்டுக்கு வாருங்கள். 5 வாட் ஆம்ப், 95 டெசிபெல் ஸ்பீக்கர்: முழுசாகத் திறந்தால் 1 மீட்டரில் 102 டெசிபெல். 20 வாட், 98 டெசிபெல் ஸ்பீக்கர்: 111. தொழிற்கூடங்களில் எட்டு மணி நேரத்துக்குக் காது தாங்கும் வரம்பாக அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 85. அதாவது, 'சின்ன ஆம்ப்' என்று எல்லாரும் சொல்லும் 5 வாட்டே அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரோடு உறவைக் கெடுக்கப் போதும். 1970-இல் மயாமியின் கிரைடீரியா ஸ்டுடியோவில் கிளாப்டன் ராக் ஆல்பம் ஒன்றை ஃபெண்டர் சாம்ப் வைத்தே பதிவு செய்தார். 8 அங்குல ஸ்பீக்கர் வைத்த 5 வாட் ஆம்ப்! மைக்குக்கு அதன் அளவு தெரியாது.

பல புது மாடல்களில் சக்தியைக் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறது. மார்ஷலின் 20 வாட் ஸ்டுடியோ வின்டேஜை 5 வாட்டுக்கு இறக்கலாம். கணக்குப்படி குறைவது 6 டெசிபெல். காதுக்குச் சத்தம் பாதியாகக்கூடக் குறையாது. ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கிற அட்டென்யூவேட்டர் அதிகமாகக் குறைக்கும். மிச்ச சக்தியைச் சூடாக்கி வெளியே தள்ளிவிடும். கொஞ்சம் குறைக்கும்வரை நன்றாக இருக்கும். 20 டெசிபெல் குறைத்தால் உயிர் போய்விடும். ஸ்பீக்கர் அசையும் அசைவும் இந்த ஒலியில் ஒரு பங்கு. தவிர, சத்தம் குறையக் குறைய நம் காது மேல்ஸ்தாயியையும் கீழ்ஸ்தாயியையும் சரியாகப் பிடிக்காது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அட்டென்யூவேட்டரைத் திட்டுவதில் பயனில்லை.

ஆகவே என் கருத்து: வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு 5 வாட்டுக்கு மேல் வேண்டியதில்லை, 1 வாட் என்றாலும் சிரிக்க வேண்டாம். டிரம்ஸோடு சின்ன அரங்கில் வாசிப்பவருக்கு 12 முதல் 22 வாட். அதற்கு மேல் வாங்குவது டிரம்ஸுக்கும் மேலே சுத்தமான ஒலி வேண்டும் என்கிறவர்களுக்கு. பெரிய மேடையில் எப்படியும் ஆம்ப்புக்கு முன்னால் மைக் வைக்கத்தான் போகிறார்கள்.

குடும்பங்கள்

ஃபெண்டர் டுவீட் வகையில் பார்க்க வேண்டியது 5இ3 டீலக்ஸ்: இரண்டு 6வி6, ஒரு 12 அங்குலம், 12 முதல் 15 வாட் வரை, ஒரே ஒரு டோன் நாப். பாதி வால்யூமுக்கு முன்னாலேயே கரைய ஆரம்பித்துவிடும். நீல் யங் பல பத்தாண்டுகளாக வைத்திருப்பது 1959-ஆம் வருட டீலக்ஸ். லெஸ் பால் மாதிரி ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாரை அதில் போட்டு முழுக்க ஏற்றினால் கீழ்ஸ்தாயி குழைந்துபோகும். சிலருக்கு அதுதான் அழகு.

1963-64 வாக்கில் வந்த கறுப்பு முகப்பு ஃபெண்டர்கள் வேறு சாதி. நடுப்பகுதி பள்ளமாகி, மேலே மினுமினுக்கும், ஸ்பிரிங் ரிவெர்ப் (ஸ்பிரிங்கால் உண்டாக்கும் எதிரொலி) நீந்தும். டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட், பிரின்ஸ்டன் ரிவெர்ப் அதைவிடச் சின்னது. டீலக்ஸ் ரிவெர்பில் மிட் நாப்பே கிடையாது. ட்வின் ரிவெர்ப் 85 வாட். அதை உடைய வைக்கும் முன் நம் காது உடையும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் டியூப் ஸ்க்ரீமர் போன்ற ஓவர்டிரைவ் பெடல்: அது நடுப்பகுதியைத்தான் தூக்கிக் கொடுக்கும். ஸ்டீவி ரே வானின் டெக்சஸ் ஒலி இந்தக் கூட்டணியில் பிறந்தது; அவரிடம் இருந்தது சூப்பர் ரிவெர்பும் வைப்ரோவெர்பும். தனியாக வாசிக்கும்போது டீலக்ஸ் ரிவெர்ப் கொஞ்சம் மெலிந்து தெரியும், பாண்டோடு சேர்ந்தால் பாடகரின் குரலுக்கு இடம் விட்டு நிற்கும். ஒரே ஒரு ஆம்ப் சொல் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

வாக்ஸ் ஏசி30 கென்ட்டின் டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸ் கம்பெனியில் டிக் டென்னி வடிவமைத்தது. ஷேடோஸ் குழுவுக்கு ஏசி15-இன் சத்தம் போதாமல்போனதால் வந்த ஆம்ப். நான்கு இஎல்84, இரண்டு 12 அங்குல செலஸ்டியன். இதை 'கிளாஸ் ஏ' (பவர் டியூப்கள் ஒரு கணமும் ஓயாமல் ஓடும் அமைப்பு) என்று விற்பது விளம்பரம். முழுச் சத்தத்தில் அது கிளாஸ் ஏபியில்தான், அதாவது டியூப்கள் மாறி மாறிக் கொஞ்சம் ஓய்வெடுக்கும் அமைப்பில்தான், ஓடுகிறது. ஆனால் அதன் கிணுகிணுப்பு நிஜம். ரோரி கேலகரும் பிரையன் மேவும் முன்னால் ஒரு ட்ரெபிள் பூஸ்டரைப் போட்டு இதை அலற வைத்தார்கள். வீட்டுக்கென்றால் 10 அங்குல ஸ்பீக்கர் வைத்த ஏசி10 போதும்.

மார்ஷலைப் பற்றி மேலேயே சொல்லியாகிவிட்டது. டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்டதில் 1965-இல் 100 வாட் பிறந்தது, ஹெண்ட்ரிக்ஸ் அதைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனார். நம் வீட்டுக் கூடத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியரையும் சொல்லிவிடுகிறேன்: 15 வாட், இரண்டு இஎல்84, மாஸ்டர் வால்யூம், கையில் தூக்கலாம். பெயர் ஃபெண்டர் என்றாலும் கறுப்பு முகப்பு ஒலியை அதில் எதிர்பார்க்க வேண்டாம். தனக்கென்று ஒரு குரல் உள்ள உழைப்பாளி.

பழசா, புதுசா

ஃபெண்டர் கம்பெனி 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முந்தைய சரக்கு என்றாலே விலை எகிறும். 1968-க்குப் பிந்தைய வெள்ளி முகப்பு மாடல்களில் பல கிட்டத்தட்ட அதே சர்க்யூட்தான். பழசுதான் வேண்டும் என்பவர் அங்கே தேடலாம். எந்தப் பழைய ஆம்ப்பானாலும் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் காய்ந்துவிடும். மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே பாருங்கள். நீங்களே திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆளையே முடித்துவிடும்.

புதியவற்றில் 'கையால் ஒயரிங் செய்தது' என்ற வரி விலையை இரண்டு மடங்காக்கும். ஒலிக்காக அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. ரிப்பேருக்காகக் கொடுக்கலாம்: இருபது வருடம் கழித்தும் எந்த ஒரு நல்ல மெக்கானிக்கும் சாதாரணச் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து சரிசெய்ய முடியும். பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) ஆம்ப்பில் பார்க்க வேண்டியது, டியூப் சாக்கெட்டுகள் நேராக போர்டிலேயே பதிந்திருக்கின்றனவா, தனியாகச் சேஸியில் (உலோகச் சட்டத்தில்) மாட்டியிருக்கின்றனவா என்பது. போர்டில் பதிந்திருந்தால் பவர் டியூப்பின் சூடு வருடக்கணக்கில் சால்டரைத் தின்னும்.

டியூப் கிடைக்குமா என்ற கவலை நியாயமானது. ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸே நம் ஊர் ரேடியோக்களுக்கு வால்வு தயாரித்தது. இன்று கிட்டார் டியூப்களில் பெரும்பகுதி ஸ்லோவாகியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சரடோவ் ஆலை, சீன ஆலைகள் என்று சில இடங்களிலிருந்தே வருகிறது. 2022-இல் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது உலகம் முழுக்க டியூப் வியாபாரம் ஆட்டம் கண்டது. அதனால் 12ஏஎக்ஸ்7, 6வி6, 6எல்6, இஎல்84, இஎல்34 ஆகிய ஐந்துக்குள் அடங்கும் ஆம்ப்பை வாங்குவது புத்திசாலித்தனம்; ஒரு செட் வாங்கிப் பீரோவில் போட்டுவைப்பதும்தான். ஆம்ப் சீக்கிரம் கரகரக்கிறது என்று தோன்றினால் முதல் 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு 5751 போட்டுப் பாருங்கள். பெருக்கும் திறன் 100-லிருந்து 70-க்கு இறங்கும். கெடுதல் எதுவும் இல்லை.

இந்தியாவிலும் இலங்கையிலும் வாங்குபவர்கள் மின்சாரத்தை மறக்கக்கூடாது. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்கு மட்டும் என்று கட்டிய டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும், நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். பின்பக்கத் தகட்டில் 50/60 என்று இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது ஷாக் அடிக்கும். கரண்ட் போய் சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். அப்போது அணைத்துவிடுவது நல்லது. இன்னொன்று: ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்ப்பை ஆன் செய்து வாசிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதுதான் உள்ளே இருப்பதிலேயே விலையான சாமான்களில் ஒன்று.

கடைக்கு உங்கள் கிட்டாரையே கொண்டுபோங்கள். அங்கே மாட்டியிருக்கும் விலையுயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்ப்பும் அழகாகத்தான் பாடும். பெடல் எதுவும் வேண்டாம். வீட்டில் எந்தச் சத்தத்தில் வாசிப்பீர்களோ அந்தச் சத்தத்தில் பத்து நிமிடம், பிறகு கடைக்காரர் முகம் சுளிக்கும்வரை ஏற்றி ஐந்து நிமிடம். முதல் பத்து நிமிடம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஐந்து எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கிளம்புவதற்கு முன் ஒருமுறை அதைத் தூக்கியும் பாருங்கள். டீலக்ஸ் ரிவெர்ப் 19 கிலோ, ட்வின் 29, ஏசி30 காம்போ 32-ஐ ஒட்டி. 2019-இல் ஃபெண்டர் கொண்டுவந்த டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 10 கிலோ சொச்சம்தான். உள்ளே டியூப் ஒன்றுகூட இல்லை, எல்லாம் டிஜிட்டல், பின்னால் சத்தத்தைக் குறைக்கும் சுவிட்சும் இருக்கிறது. டியூப் பக்தர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். வாரம் இரண்டு கச்சேரி, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால், அதையும் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.